உள்ளூர் முகவரிக்கு இடமில்லை

ஓய்வு பெற்றால் வேலை குறையும் என்று சொல்பவர்கள் எங்கள் மந்தைவெளி அடுக்ககத்தில் குடியிருந்ததில்லை. ஆதாரில் அப்பா பெயர் தவறு, பட்டா மாற்றம், வாரிசுச் சான்றிதழ், மின் இணைப்பில் பெயர் மாற்றம் என்று யாருக்கு எந்தச் சிக்கல் வந்தாலும் தட்டப்படுவது என் கதவுதான். வாழ்நாள் முழுக்க ஓர் அரசு அலுவலகத்தில் இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்தவன் நான். அங்கே மாலையானால் சன்னலை மூடிவிடலாம். வீட்டுக் கதவுக்கு அப்படி ஒரு வசதி இல்லை.

நான்கு நாள் போதும், யாரும் என்னிடம் எந்த நடைமுறையும் கேட்காத நான்கு நாள். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

அதுவரை நான் தனியாக எங்கும் போனதில்லை. போனதெல்லாம் விடுப்புப் பயணச் சலுகையில், மனைவியோடும் மைத்துனர் குடும்பத்தோடும் புளியோதரையோடும். மனைவி தவறிய பிறகு அதுவும் நின்றுவிட்டது. ஒருநாள் கைப்பேசியில் 'தனியாக வாருங்கள், கூட்டமாகத் திரும்புங்கள்' என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. முதுகுப் பையோடு கொல்லிமலைக்கு, இளைஞர்கள் நடத்தும் குழுப் பயணம். விளம்பரத்தில் வயது வரம்பு போடவில்லை. வயது வரம்பு போடாமல் விடுவது எவ்வளவு பெரிய ஓட்டை என்று எனக்குத் தெரியும். அந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தேன்.

குழுத் தலைவன் அசோக் நகர்ப் பையன். தொலைபேசியில் கேட்டான்: "அங்கிள், ட்ரெக்கிங்லாம் கீது. முட்டி ஓகேவா?"

"எனக்கு முன்னாடியே ரிட்டயர் ஆயிடுச்சு. மெதுவா வருவேன்."

"வாங்க அங்கிள். கடைசில நான்தான் நடப்பேன், பேசிக்கினே போலாம்."

பை வாங்க தி.நகர் போனேன். ரங்கநாதன் தெருவில் கடைக்காரர், "பேரனுக்கா பெரியவரே?" என்றார். எனக்குத்தான் என்றேன். "இன்னா நைனா, இமயமலையா?" கொல்லிமலை என்றேன். "அதுக்கு மஞ்சப்பை போதுமே" என்று சொல்லிவிட்டு, இருப்பதிலேயே பெரிய பையை என் தலையில் கட்டினார்.

பயணத்துக்கு முந்தைய மாலை எல்லாரும் அடையாறில் ஒரு விடுதியில் கூட வேண்டும், அங்கேயே அடுக்குக் கட்டிலில் படுத்து, விடியற்காலையில் வேனில் கிளம்ப வேண்டும் என்பது ஏற்பாடு. முந்தைய மாலையே கூடுவது 'ஐஸ் பிரேக்கிங்'குக்காம், அதாவது கூச்சம் விட்டுப் பழகிக்கொள்வதற்கு. சென்னையின் வெயிலில் உடைக்க ஐஸ் எங்கே மிஞ்சியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேட்காத மனிதனாக நான்கு நாள் இருப்பது என்ற முடிவோடுதான் போயிருந்தேன்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் அடையாள அட்டை கேட்டாள். ஆதார், வாக்காளர் அட்டை, பான், ஓய்வூதியர் அட்டை என்று எல்லாவற்றையும் நகல் எடுத்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தேன். அடுக்கி நீட்டினேன். அவள் முதல் தாளோடு நின்றுவிட்டாள்.

"இது மந்தவெளி அட்ரஸ் ஆச்சே அங்கிள்."

"ஆமாம்மா, அங்கதான் வீடு."

"லோக்கல் ஐடிக்கு இங்க ரூம் தர மாட்டோம். வேற ஊரு அட்ரஸ் எதுனா கீதா? பாஸ்போர்ட்டு?"

"அதுலயும் மந்தைவெளிதான்."

"எல்லாத்துலயும் ஒரே அட்ரஸா!" என்றாள். உண்மையாகவே பரிதாபப்பட்டாள்.

எல்லா அட்டையிலும் ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஒரே முகவரி இருக்கும்படி செய்ய நான் எத்தனை வரிசையில் நின்றிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிய நியாயமில்லை. இந்த நகரத்தில் என் அளவுக்கு ஆவணங்கள் ஒத்துப்போகிற மனிதன் அபூர்வம். அதனாலேயே எனக்குக் கட்டில் இல்லை.

குழுத் தலைவன் மேசை மேல் சாய்ந்தான். "அக்கா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு."

"மேனேஜர் என்னிய தொரத்திடுவாரு மச்சி. அப்புறம் நீ சோறு போடுவியா?"

அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். எந்த உத்தரவின்படி மறுக்கிறீர்கள், அதை எழுத்தில் தாருங்கள், மறுக்க அதிகாரம் உள்ளவர் யார், அவரைக் கூப்பிடுங்கள் என்று நான்கு வாக்கியம் போதும். மேலாளர் வந்து கட்டிலைத் தானே தட்டிப் போட்டிருப்பார். ஆனால் என் பின்னால் குழு முழுக்க நின்றிருந்தது. நான் வாயைத் திறந்தால் அடுத்த நிமிடம் யாராவது, "அங்கிள், நீங்க கவர்மெண்ட்டா?" என்று கேட்பார்கள். அதற்கடுத்து ஒரு சந்தேகம் வரும். மலையுச்சியில் நான் வில்லங்கச் சான்று பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன்.

நாக்கு நுனிக்கு வந்ததை விழுங்கினேன். "சரிம்மா, ரூல்னா ரூல்தான்" என்றேன்.

"வூட்டுக்குப் போய் படுத்துக்கினு காலைல கிண்டி வந்துடுங்க அங்கிள்" என்றான் தலைவன். "ஆறு மணிக்கு வண்டிய எடுத்துடுவேன். வெயிட் பண்ண மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

அப்படியாக என் முதல் தனிப் பயணம் அடையாற்றுப் பாலத்தை ஒரு முறை தாண்டி, மறுபடியும் தாண்டி, வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது.

வாசலில் அடுக்ககச் செயலர் நின்றிருந்தார். "என்ன சார், போகலையா? ரொம்ப நல்லதாப் போச்சு! நானே உங்களத்தான் நெனச்சுண்டிருந்தேன். நாளைக்கு லிஃப்ட் இன்ஸ்பெக்ஷனுக்கு ஆபீசர் வரார். நீங்க பக்கத்துல நின்னாப் போறும்."

"நாளைக்குக் காலைல கிளம்பறேன் சார்."

"இன்னிக்குப் போகாதவர் நாளைக்கு எங்க போகப்போறேள்? ஆத்துல ரெஸ்ட் எடுங்கோ."

மாடியில் மருமகள் கதவைத் திறந்தாள். "கேன்சல் ஆயிடுச்சா மாமா?" என்ற குரலில் இருந்தது வருத்தம் மட்டுமல்ல. மறுநாள் எரிவாயு இணைப்பைச் சோதிக்க ஆள் வருகிறான். அதற்காக அலுவலகத்தில் விடுப்புச் சொல்ல இருந்தாளாம். காலையில் போகிறேன் என்றேன். "சரி மாமா" என்று தோசை வார்த்தாள். வேறு ஏதாவது சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

விடிவதற்கு முன் விழிப்பு வந்தபோது, உண்மையைச் சொன்னால், போக வேண்டாம் என்றுதான் இருந்தது. கட்டில் பழகிய கட்டில். முட்டி வலித்தது. கட்டிய பை மூலையில் யாரோ விருந்தாளி போல உட்கார்ந்திருந்தது. குழுத் தலைவனுக்கு என்ன சொல்வது என்று படுத்தபடியே யோசித்தேன். திடீர் உடல்நலக் குறைவு, தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலை. என் மேசைக்கு வந்த விடுப்பு விண்ணப்பங்களில் இருந்த அதே சொற்கள்தான் வந்தன. ஒன்றைக்கூட நான் நம்பியதில்லை.

அப்போது அழைப்பு மணி அடித்தது. செயலர், கையில் பால் பாக்கெட்டோடு.

"முழிச்சுண்டுட்டேளா சார்? ஆபீசர் எட்டு மணிக்கே வந்துடுவாராம். அதான் முன்கூட்டியே சொல்லிட்டுப் போலாம்னு."

"ஒரு நிமிஷம்" என்று உள்ளே போனேன். சட்டையை மாற்றினேன், முகத்தைக் கழுவினேன், பையை முதுகில் மாட்டினேன். மருமகளின் அறைக் கதவருகே நின்று, "போயிட்டு வரேம்மா" என்றேன். உள்ளிருந்து, தூக்கத்தில், "சரி மாமா" என்று கேட்டது. செயலரைக் கடந்து படியிறங்கினேன். ஏனோ லிஃப்டில் போகத் தோன்றவில்லை.

"பையோட எங்க சார்?"

"வாக்கிங்."

கிண்டியில் வேன் உறுமிக்கொண்டிருந்தது. "வா தலைவா!" என்று குழுத் தலைவன் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். "லாஸ்ட் சீட்டுதான், தூக்கிப் போடும், பரவால்லியா?" மற்றவர்கள் முந்தைய மாலையே ஐஸை உடைத்து முடித்திருந்தார்கள். ஒருவரையொருவர் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். எனக்கு இன்னும் ஒன்றும் வைத்திருக்கவில்லை.

பக்கத்தில் ஒரு கோயம்புத்தூர்ப் பெண். முன் இருக்கைத் தோழியிடம், பாஸ்போர்ட்டில் இனிஷியல் தப்பாக வந்துவிட்டது, எங்கே போய் யாரைப் பார்ப்பது என்றே தெரியவில்லை என்று தாம்பரம் வரை புலம்பிக்கொண்டு வந்தாள். எனக்கு வழி தெரியும். எந்தத் தாள், எத்தனை நகல், எந்தச் சன்னல் என்பது வரை தெரியும். வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோழி தூங்கிப்போனதும் என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க அங்கிள், நீங்க என்ன வேலை பாத்துட்டு இருந்தீங்க?"

"கடை வச்சிருந்தேம்மா."

"என்ன கடைங்க?"

"பாத்திரக் கடை."

"பித்தளைங்களா?"

"எவர்சில்வர்."

"அப்படிங்களா" என்றாள். அதற்கு மேல் பாத்திரங்களைப் பற்றிக் கேட்க அவளுக்கு ஒன்றுமில்லை. காதில் பாட்டுக் கேட்கும் கருவியைச் செருகிக்கொண்டாள். நான் பையை மடியில் வைத்து, அதன் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.