பரமசிவத்தின் காருக்கு இரண்டாவது ஆம்ப்ளிஃபையர்

ஓசூரில் கார் ஒயரிங் கம்பெனியில் வேலை பார்த்த லிபியா, அதை விட்டுவிட்டு மத்திகிரியில் சொந்தமாகக் கார் ஸ்டீரியோ கடை போட்டாள். பெண் வேலை செய்கிறாள் என்று பலர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வண்டியைத் தயங்காமல் உள்ளே விட்டவர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய பரமசிவம். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் சத்தத்தில் நின்று நின்று அவருக்குக் காது மந்தமாகியிருந்தது.

"பாட்டு கேட்டு நாளாச்சும்மா. அதிர்வாச்சும் முதுகுல தெரியணும்," என்றார்.

கதவு ஸ்பீக்கர்களுக்கு ஏற்கெனவே ஓர் ஆம்ப்ளிஃபையர் இருந்தது. சீட்டுக்கு அடியில் வைத்த, அதிர்வு தரும் சப்வூஃபருக்காக லிபியா இன்னொன்றைச் சேர்த்தாள். ஸ்டீரியோவின் சிக்னலை இரண்டாகப் பிரித்து, பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வைத்த தடித்த ஒயரை இழுத்து இரண்டுக்கும் கொடுத்தாள். இன்ஜின் ஓடியதும் ஸ்பீக்கரில் 'ஙொய்' என்று இரைச்சல் எழுந்தது.

"எனக்கு ஒண்ணும் கேக்கல. விடும்மா," என்றார் பரமசிவம்.

லிபியா, கூட வந்திருந்த அவர் மனைவி சரஸ்வதியைக் காட்டி, "பக்கத்துல உக்கார்ற அக்காவுக்குக் கேக்குமேண்ணா!" என்று உரக்கச் சொன்னாள்.

இரண்டு ஆம்ப்ளிஃபையர்களின் எர்த் ஒயர்களும் கார் பாடியில் வேறு வேறு இடத்தில் இருந்தன; இரைச்சல் அதனால்தான். இப்போது ஓரிடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, இரண்டையும் ஒரே போல்ட்டில் சேர்த்து முடுக்கினாள். இரைச்சல் நின்றது.

சரஸ்வதி தன் போனிலிருந்து ஒரு பதிவைப் போட்டாள். பரமசிவம் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடினார். முகம் மெல்ல மலர்ந்தது.

"ஏட்டி, இது நம்மூர் கோயில் கொடை மேளம்லா?"

சரஸ்வதி பெரிதாகத் தலையாட்டினாள்.

மறு வாரம் பிரஸ் ஷாப்பிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். வண்டி நிறுத்த இடமில்லாமல், லிபியா பக்கத்துக் கடை வாசலையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.