துரைசானியின் தட்டு மெஷின்

எச்சில் தட்டு எடுக்கிறவளுக்கு அந்த வீட்டில் யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்பது முதலில் தெரிந்துவிடும். அடுப்படிச் சாம்பலில் விரல் தேய்ந்த என் இனத்தாரே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெர்டேக்காவுக்கு, அதான் மலாயா சுதந்திரத்துக்கு, முன்னும் பின்னுமாக, மலாக்காவின் பண்டார் ஹிலிரில் கடலைப் பார்த்த ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் எனக்கு அந்த வேலை.

பெட்டி வந்தது

அங்கே தட்டு கழுவ இரண்டு பேர் இருந்தோம், நானும் செல்லம்மாவும். ஒரு நாள் கப்பலில் வந்த மரப்பெட்டியை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு மெஷின். தட்டை அடுக்கி மூடினால் தானே கழுவிவிடுமாம். துரைசானி குழந்தை மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

அந்த வாரக் கடைசியில், இனி ஒரு ஆள் போதும் என்று செல்லம்மாவை நிறுத்திவிட்டார்கள். புருஷன் இல்லாதவள், வீட்டில் இரண்டு பிள்ளைகள். அழவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மெஷினைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "இதுக்குப் பசிக்காது பாரு பாக்கியம், அதான் இதை வச்சிக்கிட்டாங்க."

நுரை

மெஷினுக்குத் தட்டு அடுக்குவதும் லேசான வேலையில்லை. எலும்பு, மீன்முள், சோற்றுப் பருக்கை எல்லாவற்றையும் வழித்தெடுக்க வேண்டும். கோப்பைகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒரு தட்டு இன்னொன்றை ஒட்டக்கூடாது. தங்கக்கரைப் பீங்கானும் எலும்புப்பிடிக் கத்தியும் உள்ளே போகவே கூடாது. துரைசானி தரையில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். அவருக்கும் எனக்கும் கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாய்தான் பாஷை.

ஒரு நாள் அதற்கான தூள் தீர்ந்துபோக, அவர் துணி சோப்புத் தூளை அள்ளிப் போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் கதவிடுக்கில் நுரை பொங்கிக் குசினி, அதான் சமையலறை, முழுவதும் பரவியது. துரைசானி படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சமையல் பார்க்கும் குக்கு ஆ ஹாக், ஹைனான் சீனர், சிரிக்கவே தெரியாதவர், கணுக்காலளவு நுரையில் நின்றுகொண்டு சொன்னார்: "நல்ல மெஷின். தரையையும் கழுவுது."

வழித்த சாப்பாடு

அந்த மழைக்காலத்தில் துரைசானியின் தட்டு போனபடியே திரும்பி வர ஆரம்பித்தது. சூப் ஆறிப்போய் ஏடு கட்டியிருக்கும். கோழித் துண்டு முள்கரண்டி படாமல் கிடக்கும். தன் சமையல் பிடிக்கவில்லையோ என்று ஆ ஹாக் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அப்புறம் அவரே அரிசிக் கஞ்சி வைத்து அனுப்பினார். அதுவும் திரும்பி வந்தது. வழித்துக் கொட்ட எனக்குக் கை வரவில்லை.

மனசு கேட்காமல் ஒரு காலையில், கார் ஏறப்போன துரையை வழிமறித்து, "அம்மா ஒண்ணுமே சாப்பிடறதில்லை துரை" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "டாக்டர் சொல்லிட்டார், பாக்கியம். அவளுக்கு இன்னும் சொல்லல."

ஒற்றைத் தட்டு

ஆஸ்பத்திரிக்குப் போன துரைசானி திரும்பவில்லை. மலாக்கா மண்ணிலேயே புதைத்தார்கள். நானும் ஆ ஹாக்கும் எல்லோருக்கும் பின்னால் நின்று, ஆளுக்கொரு பிடி மண் போட்டோம்.

அதற்குப் பிறகு துரைக்கு ஒரு தட்டு, ஒரு கோப்பை. இதற்குப் போய் மெஷினா? குழாயடியிலேயே கழுவி வைத்தேன். சில நாள் கழித்து, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் துரை குசினி வாசலில் வந்து நின்றார். அவர் அங்கே வந்து நான் பார்த்ததேயில்லை. மெஷின் கெட்டுவிட்டதா என்றார். இல்லை துரை, அடுக்கத் தட்டில்லை என்றேன். சாப்பிட்டு முடித்ததும் அது ஓடுகிற ஓசை கேட்டால், துரைசானி இன்னும் குசினியில்தான் இருக்கிறார் என்று தோன்றுமாம். அன்றிலிருந்து அலமாரியில் இருந்த சுத்தமான தட்டுகளை எடுத்து, அவருடைய ஒற்றைத் தட்டோடு அடுக்கினேன். நான் மூடியை அழுத்தும்போது அவர் சொன்னார்: "மெதுவா ஓடினாலும் பரவாயில்ல, நிறுத்திடாதே."

காஜா பெராங்கில்

மெர்டேக்கா வந்தது. கொஞ்ச காலத்தில் துரையும் வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பினார். சாமான்களை ஏலம் போட்டவர், மெஷினை மட்டும் என்னை எடுத்துக்கொள்ளச் சொன்னார். காஜா பெராங்கில் எங்கள் வீட்டில் கரண்டும் இல்லை, குழாயும் இல்லை, தெருக்குழாய்தான். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்காரர் மாட்டுவண்டி பிடித்து ஏற்றி வந்தார்.

வேடிக்கை பார்க்கப் பக்கத்துக் கம்போங் செட்டியிலிருந்து, பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவுக்கு வந்த செட்டிமார் கிராமத்திலிருந்து, லெட்சுமி வந்தாள். பேர்தான் தமிழ், பேச்சு அத்தனையும் மலாய். மூடியைத் திறந்து பார்த்தாள். தண்ணியும் கரண்டும் இல்லாமல் இது ஓடாது என்றேன். மெஷினைத் தட்டிக் கொடுத்தபடி, "கெசியான், ஜாவு-ஜாவு டாத்தாங், கெர்ஜா தாடா" என்றாள். பாவம், இவ்வளவு தூரம் வந்தும் வேலையில்லையே என்று அர்த்தம்.

பாத்திரம் கழுவ வந்த மெஷினை, தூசி படியாமல் வாராவாரம் கழுவிக்கொண்டிருப்பது இன்றைக்கும் நான்தான்.