பூநாரைகளை ஓட்டிய காலை

எங்கள் சித்தி கருவாட்டுக்காரரோடு மலை இறங்கிப் போனவள். அவர் ஜமுனாமரத்தூர் சந்தைக்குக் கருவாடு கொண்டுவந்து, புளியும் சாமையும் வாங்கிப் போகிறவர். மூன்று சந்தையில் பேச்சு, நான்காவது சந்தையில் பெண்ணைக் காணோம் என்று ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. மூன்று வருடம் கழித்து ஒருநாள், களி தின்றுகொண்டே அம்மாவிடம் சொன்னார்: “போய்ட்டு அவளக் கூட்டினு வா. வந்தா வந்ததுதான், திரும்ப அனுப்ப மாட்டேன்.”

எனக்கு அப்போது எட்டு வயது. பஸ் மாறிப் பஸ் மாறி, அம்மா வழியெல்லாம் வாந்தி எடுத்து, கடைசியில் பழவேற்காட்டில் படகேறினோம். பறவைச் சரணாலயத்துக்குள்ளே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில், மணல்மேல் இருபது முப்பது குடிசைகள். அதில் ஒன்றிலிருந்து சித்தி ஓடிவந்தாள். கறுத்திருந்தாள். சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு.

சித்தப்பா நல்ல மனிதர். முள் எடுத்து எடுத்து என் தட்டில் மீன் வைத்தார். அவர் எழுந்து போன பிறகு அம்மா ஆரம்பித்தாள்.

“வந்துடுடி. அப்பா மனசு எறங்கிட்டாரு.”

“வந்தா இவர வுட்டுட்டு வரணும், அதானே? எனக்கு இங்க இன்னாக்கா கொறச்சல்? அந்த மனுசன் ஒரு சொல்லு கடிஞ்சு பேசினதில்ல.”

மறுநாள் காலையில் சித்தப்பா கடலுக்குப் போயிருந்தார். மணலில் பரப்பிய நெத்திலிக்குச் சித்தி என்னைக் காவல் வைத்தாள். “காக்கா வந்தா ஓட்டுடி.” காக்கா வரவில்லை. ஆனால் எதிரே ஏரித் தண்ணீரில் ஆயிரக்கணக்கில் பூநாரைகள் நின்றன. நானோ சாமைக் கொல்லையில் பரண்மேல் நின்று கிளி ஓட்டிப் பழகியவள். இத்தனையும் இறங்கினால் ஒரு நெத்திலி மிஞ்சுமா? முந்திக்கொண்டேன். அடிவயிற்றிலிருந்து குரலெடுத்து, “ஓ... ஹோ... ஹோய்!” என்றேன்.

ஏரியே எழுந்து பறந்தது. வெள்ளையாக நின்றவை சிவப்பாகப் பறந்தன.

சித்தி என் வாயைப் பொத்த ஓடிவந்தாள். “அடிப்பாவி, வாட்ச்சர் வந்துடுவாருடி! இங்க சத்தமே போடக் கூடாது!” வந்தவள் பொத்தவில்லை. வானத்தைப் பார்த்தபடி நின்றாள். பிறகு அவளும் கூவினாள். என்னுடையதைவிட நீளமாக, எங்கள் மலையில் ஒரு கொல்லையிலிருந்து இன்னொரு கொல்லைக்குக் கூவுவது போல. பறவைகள் எப்போதோ போய்விட்டன, சித்தி நிறுத்தவில்லை. அங்கே கூவினால் யாராவது பதிலுக்குக் கூவுவார்கள். இங்கே மணலும் தண்ணீரும்தான்.

வாட்ச்சர் தோணி தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். “யாரும்மா அது? இந்தக் கொழந்தையா?”

“நாந்தாங்க” என்றாள் சித்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி.

“பெரிய பொம்பள, உனக்கு இன்னாம்மா ஆச்சு?” என்று திட்டிவிட்டுப் போனார்.

அம்மா குடிசை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தியும் அவளையே பார்த்தாள். இப்போது ஒரு வார்த்தை கேட்டால் வந்துவிடுவாள் என்று எட்டு வயதுக்கே எனக்குத் தெரிந்தது. அம்மா கேட்கவில்லை. கொண்டுவந்த சாமையைப் பானையில் கொட்டினாள், பையை உதறி மடித்தாள். “படகு எத்தினி மணிக்குடி?” என்றாள்.

ஊர் வரும் வரை நான் அம்மாவோடு பேசவில்லை. எனக்கே தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லையே என்று அவ்வளவு கோபம்.