நைனாவின் போனில் வந்த அழைப்பு

அந்தக் கருவி என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகினால் வைஃபையைப் பிடித்துக் கொடுக்கும். ஓரத்தில் பச்சை விளக்கு ஒன்று மினுக்கும். இதை எழுதும்போதும் மினுக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

நான் வீட்டிலிருந்தே மெய்ப்புப் பார்க்கிறவள். சென்னையில் பள்ளிக்கூடக் கையேடுகள் போடும் சின்ன ஆபீஸ் ஒன்றுக்கு எழுத்துப்பிழை திருத்தித் தருகிறேன். ரொம்ப நாள் போனை வைத்தே காலத்தை ஓட்டினேன். திடீரென்று ஒருநாள், வருகிற திங்கட்கிழமையிலிருந்து கம்ப்யூட்டரில் எங்கள் தளத்துக்குள் வந்துதான் வேலை செய்யவேண்டும், முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றார்கள். முடியாது என்று சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை. யாரோ வேண்டாமென்று தள்ளிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துப் பழவேற்காட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பஸ் நிற்கும் இடத்துக்கு என் அப்பா வந்திருந்தார்; நைனா என்றுதான் கூப்பிடுவேன். நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கிடுகிடுவென்று நடந்தார். வீட்டுக்கு வந்து இறக்கியதும் என்னைப் பார்த்து நெஞ்சைத் தட்டிக்காட்டினார்.

"பாரு, மூச்சு வாங்குதா? நீயே சொல்லு."

வாங்கவில்லை. அல்லது வாங்கியதை அடக்கிக்கொண்டார். மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி பிடித்து, மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தவர். அதிலிருந்து யாரைப் பார்த்தாலும் இப்படி ஏதாவது வித்தை காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குடத்தைக்கூட அவரே தூக்கிக் கொடுப்பார். அம்மாவும் நானும் அவரைக் கேலி செய்வோம். ஆனால் அவர் எதற்காக அப்படிச் செய்தார் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை வைத்துவிட முடியாது. முகத்துவாரத்துப் பக்கம் இறால் ஓடும் இடங்களுக்குப் பாடு என்று ஒரு முறை உண்டு. இன்றைக்கு ஒரு வலைக்காரர்கள், நாளைக்கு அடுத்த வலைக்காரர்கள் என்று சுற்றிவரும். ஒரு வலைக்கு ஏழெட்டுப் பேர் சேர்ந்து போகவேண்டும். ஒருத்தர் படுத்துவிட்டால் அவர் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள். நைனா படுத்திருந்தபோது இளவட்டம் ஒருத்தனைப் போட்டுக்கொண்டார்கள். அவன் நன்றாக இழுக்கிறானாம், அலுப்பு சலிப்பே இல்லையாம். ஊரில் இந்தப் பேச்சு நைனாவின் காதிலும் விழுந்தது. அவர் நேரே கோட்டைக்குப்பத்து டீக்கடைக்குப் போய், எல்லாரும் கேட்கும்படி, "வர்ற பாட்டுக்கு நான் வரேன். என் எடத்துக்கு எவனும் வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தத் தடவை போனால் அவர் இடம் அவருக்கு. போகாவிட்டால், பாவம் முடியலை, வயசாச்சு என்று மரியாதையாகவே ஒதுக்கிவிடுவார்கள்.

முறை வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. அன்று சாப்பிட்டுவிட்டு நைனா காற்றாட வாசல் பக்கம் படுத்துத் தூங்கினார். அம்மா மீன் விற்கப் பொன்னேரிக்குப் போயிருந்தாள். நான் அந்தக் கருவியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

வைஃபை பக்கத்து வீட்டு அக்காவுடையது. "ரெண்டு வீட்டுக்கும் ஒரே செவுருதானே, நீயும் இஸ்துக்க" என்று பாஸ்வேர்டைத் தந்திருந்தாள்; அவர்கள் படகின் பதிவு எண்தான் பாஸ்வேர்டு. எனக்கு வேண்டியதெல்லாம் இந்த நகத்துண்டு வேலை செய்வதுதான். முன்பக்கம் செருகினேன், விளக்கே எரியவில்லை. உப்புக்காற்றில் அந்த ஓட்டை துருப்பிடித்திருந்தது. பின்பக்கம் செருகினேன், விளக்கு எரிந்தது. ஆனால் இது என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது. அதற்கென்று ஒரு மென்பொருளை ஏற்றவேண்டுமாம். டப்பாவுக்குள் முறுக்கு அளவில் ஒரு சிடி இருந்தது. சிடி போடும் தட்டு வெளியே வர மறுத்தது. சேஃப்டி பின்னை விட்டுக் குத்திக் குத்தி வரவைத்தேன். வந்தது, விழுங்கியது, கரகரவென்று இருமியது, அவ்வளவுதான். மென்பொருளை நெட்டிலிருந்தும் எடுக்கலாம் என்று டப்பாவின் மேல் போட்டிருந்தது. நெட் வருவதற்குத்தானே ஐயா இந்தக் கருவியையே வாங்கினேன்! அந்த டப்பாவைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். எனக்குப் பொறுமை என்பதே கிடையாது.

ஒரே வழி, போனைக் கம்பியால் கம்ப்யூட்டரோடு இணைத்து, போனின் நெட்டைக் கொடுப்பது. என் போனில் கம்பி செருகும் இடம் ஆட்டம் கண்டிருந்தது. சார்ஜ் ஏறவே கையால் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். ஆகவே நைனாவின் போனைப் போய் எடுத்தேன். தண்ணீர் படாமலிருக்க பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தலைமாட்டில் வைத்திருந்தார்.

"நைனா, போனை எடுத்துக்கறேன், கொஞ்ச நேரம்."

"எடுத்துக்கம்மா" என்றார், கண்ணைத் திறக்காமலே.

எங்கள் தெருவில் சிக்னல் அரை உயிரோடுதான் இருக்கும். மென்பொருள் நத்தை மாதிரி இறங்கியது. முக்கால்வாசி இறங்கியிருக்கும், போன் அதிர்ந்தது. திரையில் 'மச்சான்' என்று வந்தது. அம்மாவுக்குத் தூரத்து அண்ணன் முறை, எனக்கு மாமா. நைனாவின் வலைக்காரர்களைக் கூப்பிட்டுச் சேர்ப்பவர் அவர்தான். அந்தப் போனில் அழைப்பு வந்தால் நெட் நின்றுவிடும். நின்றது. இறங்கியது அத்தனையும் போச்சு, முதலிலிருந்து ஆரம்பம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த மாமா தினமும் இந்த நேரத்துக்கு ஊர்க்கதை பேசக் கூப்பிடுகிறவர்தான். கட் பண்ணினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. மறுபடி கட் பண்ணினேன். மூன்றாவது தடவை ஒரு ரிங் முழுசாக அடிப்பதற்குள் கட் பண்ணி, "வேற வேலையே இல்லையா ஒங்களுக்கு" என்று போனைப் பார்த்துத் திட்டினேன். அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. அப்பாடா என்று இருந்தது.

வாசலில் நைனா தூங்கிக்கொண்டுதான் இருந்தார். எழுப்பியிருக்கலாம். பத்தடி தூரம்கூட இல்லை.

ஒரு வழியாக மென்பொருள் இறங்கியது, ஏறியது, கம்ப்யூட்டர் ஒரு தடவை அணைந்து எழுந்தது. பச்சை விளக்கு படபடவென்று மினுக்கியது. அக்கா வீட்டு வைஃபையின் பெயர் திரையில் வந்து நின்றது. படகின் எண்ணை அடித்தேன். ஆபீசின் தளம் திறந்ததும் நான் எழுந்து குதித்தேன், வெட்கமில்லாமல். அக்காவிடம் சொல்ல ஓடினேன். அங்கே டீ குடித்தேன். மாமா கூப்பிட்டதைச் சொல்லவேண்டும் என்ற நினைப்பே சுத்தமாகப் போய்விட்டது.

வெயில் தாழ அம்மா வந்தாள். காலி அன்னக்கூடையை இறக்காமலே, வாசலில் எழுந்து உட்கார்ந்திருந்த நைனாவின் முன்னால் நின்றுவிட்டாள்.

"இன்னா, நீ இங்க குந்தினுகீற? ஒங்க ஆளுங்கல்லாம் முகத்துவாரத்துக்குப் போயாச்சு. வர்ற வழியில படகப் பாத்தேனே!"

அம்மா சொல்லித்தான் தெரிந்தது, இன்றைக்கு முறை இருந்த வலைக்காரர்களில் ஒருத்தர் வீட்டில் துக்கம். துக்க வீடு இருந்தால் அந்த வலை இறங்காது. நாளைய முறைக்காரர்களும் உறவு என்பதால் அவர்களும் நின்றுவிட்டார்கள். ஆக முறை எங்கள் வலைக்கு வந்துவிட்டது. முகத்துவாரத்தில் தண்ணீர் ஓட்டம் திரும்புவதற்குள் போய்ச் சேரவேண்டும் என்று மாமா எல்லாருக்கும் போன் போட்டிருக்கிறார். நைனா என்னைப் பார்த்தார்.

"போனு வந்துச்சா?"

"வந்துச்சு நைனா."

"அடிச்சு அடிச்சு நின்னுச்சா, நீ கட் பண்ணியா?"

இதென்ன கேள்வி என்றுதான் அப்போது நினைத்தேன். "கட் பண்ணிட்டேன். டவுன்லோடு நின்னு நின்னு பேஜார் பண்ணிச்சு, அதான்..." என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அம்மாதான் கூடையைப் போட்டுவிட்டு என்மேல் பாய்ந்தாள். நைனா கையைக் காட்டி அவளை நிறுத்தினார். பிறகு என் மேசைக்கு வந்து, இன்னும் கம்பியில் மாட்டியிருந்த போனை உருவி எடுத்து, மாமாவைக் கூப்பிட்டார். படகின் இஞ்சின் சத்தம் எனக்கே கேட்டது.

"மச்சான், நாந்தான். மதியத்துலேந்து மூச்சு வாங்குது மச்சான். பேச முடியல. அதான் கட் பண்ணிட்டேன். நீங்க பாத்துக்கங்க."

நான் வாயைத் திறந்தேன். அவர் ஒரு விரலை உயர்த்தினார், பேசாதே என்று. போனை வைத்ததும் திரையை எட்டிப் பார்த்து, "வந்துடுச்சா ஒன் வைஃபை?" என்று கேட்டார். வந்துவிட்டது என்று தலையாட்டினேன். "அப்ப சரி. திங்கக்கெழமைக்கு ஆச்சு" என்றார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் அது பெரிய விஷயமில்லை. ஒரு நாள் தூக்கம் போனால் என்ன. மறுநாள் வெயில் ஏறியதும் கோட்டைக்குப்பத்துக்கு நடந்தேன். மாமா வலையை அலசிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாள் நல்ல இறாலாம், எல்லார் முகத்திலும் தெரிந்தது. அந்த இளவட்டமும் அங்கே நின்றிருந்தான்.

"மாமா, நேத்து போனைக் கட் பண்ணது நைனா இல்ல. நானு. அவர் தூங்கினுருந்தாரு. அவருக்கு ஒண்ணும் இல்ல."

மாமா வலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் நிதானமாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "தோ பாரும்மா. எங்களுக்குள்ள ஒரு பழக்கம் கீது. பாட்டுக்குக் கூப்டா எவனும் ஈரக்கையோட பேசிகினு நிக்க மாட்டான். எடுத்துட்டா வரேன்னு அர்த்தம். கட் பண்ணா வரல, வேற ஆளப் போடுன்னு அர்த்தம். அடிச்சிகினே இருந்தாதான் எங்கியோ கீறான்னு ஆள் அனுப்புவோம். ஒங்கப்பன் ஒரு தபா இல்ல, மூணு தபா கட் பண்ணான்."

இந்தக் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். ஊரார் எழுத்தில் உள்ள பிழையெல்லாம் என் கண்ணில் படும். என் வீட்டு ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் எப்படிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள் என்பது தெரியாமல் இருந்திருக்கிறேன். அவமானமாக இருந்தது.

"அதான் மாமா சொல்றேன், கட் பண்ணது நானு. எனக்கு இது தெரியாது."

"அப்ப அவனே போன் பண்ணி மூச்சு வாங்குதுன்னானே, அது இன்னா?"

என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்றேன். படித்த திமிர் என்று ஊரில் என்னைப் பற்றி ஏற்கெனவே ஒரு பேச்சு உண்டு; அதோடு இதுவும் சேரக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னார் என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. அழுகிற மகளைப் பார்த்ததும் மாமாவின் முகம் இளகிவிட்டது. நான் சொன்னதில் ஒரு வார்த்தையையும் அவர் நம்பவில்லை என்று அப்போதே தெரிந்தது.

"பெத்த பொண்ணு பரிஞ்சி பேசுறது நல்லதும்மா. நானும் பொண்ணு பெத்தவன்தான்" என்று என் தலையில் கை வைத்தார். "அவன் வாயாலயே சொல்லிட்டான், வுடு. ஒடம்பப் பாத்துக்கச் சொல்லு. மொதல்ல மனுசன் முக்கியம்."

திரும்பி வரும்போது இளவட்டம் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான். அவன்மேல் கோபப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

நைனாவிடம் நான் போய்வந்ததைச் சொல்லவில்லை. அவரும் எங்கே போனாய் என்று கேட்கவில்லை. அந்த வாரம் அக்கா வீட்டு வைஃபை விட்டு விட்டு வந்தது. நான் பல்லைக் கடிப்பதைப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் செருகும் நீளமான கம்பி ஒன்று வாங்கிவரச் சொன்னார் நைனா. அந்த நகத்துண்டைக் கம்பியின் முனையில் செருகி, ஜன்னல் கம்பியில் இங்கே அங்கே என்று நகர்த்தி நகர்த்தி, "இப்ப? இப்ப?" என்று கேட்டார். சரியாக வந்த இடத்தில் வலை நூலால் இறுக்கிக் கட்டினார். அந்தக் கட்டு இன்றுவரை அசையவில்லை. திங்கட்கிழமையிலிருந்து ஒருநாள்கூட என் வேலை நின்றதில்லை. நைனா ஊரெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் எங்கள் வலைக்கு மறுபடி முறை வந்தது. காலையிலேயே நைனா குளித்து, வெற்றிலை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். போன் சட்டைப்பையில் இருந்தது. நான் வேலையில் கண்ணும் வாசலில் காதுமாக இருந்தேன். மதியமாகியும் அது அடிக்கவில்லை. தண்ணீர் திரும்புகிற நேரமும் தாண்டியது. அவர் எழுந்து உள்ளே வந்தார். போனைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து என் மேசைமேல், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வேணும்னா எடுத்துக்கம்மா" என்றார். "இனிமே என்னை எவனும் கூப்புட மாட்டான்."