ஆடு தின்ற வேப்பிலை

"நீர் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறது விஞ்ஞானம், எனக்குச் சொல்லுறது என்ன கதை?" என்று ரஞ்சி டீச்சர் ஒருமுறை கேட்டா. எதியோப்பியாவில் ஒரே வீட்டில் என்னோடு இருந்தவ, ஊர் மானிப்பாய்ப் பக்கம். சிரித்துக்கொண்டுதான் கேட்டா, ஆனாலும் எனக்கு முகம் சுருங்கிப் போனது. அதன்பிறகு இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. நீங்களும் நம்பாமல் விடலாம். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

பேய், பிசாசு, சாமி வந்து கலை ஆடுவது, நேர்த்தி வைப்பது ஒன்றிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பேனை பிடித்தவள் நான். அண்ணன் வயலுக்குப் போனான், நான் பள்ளிக்கூடம் போனேன், பிறகு ஆசிரிய கலாசாலை, பிறகு கொழும்பில் வேலை. எதியோப்பியாவுக்கு ஆசிரியர்கள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன், கிடைத்தது. துணுக்காயிலிருந்து கடல் தாண்டிப் படிப்பிக்கப் போகிற முதற் பெண் என்று ஊரே கதைத்தது. அந்தப் பெருமை எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பயணத்துக்கு முன் ஒரு தாள் தந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். துறைமுகத்தில் இறங்கும் இடம் நெருப்பு வெயில், நுளம்பும் உண்டு, மலேரியாக் குளிசையை ஒரு கிழமையும் தவறவிடக்கூடாது. பிறகு ரெயிலில் மலைக்கு ஏறுகிறபோது காற்று மெலிந்துபோகும், தலையிடிக்கும், மூச்சு வாங்கும், முதற் கிழமை வேகமாக நடக்கக்கூடாது, கம்பளி உடுப்பு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே பெரியம்மைத் தடுப்பூசி. அந்தச் சான்றிதழ் இல்லாமல் கப்பலில் ஏற்றமாட்டார்கள். கொழும்பில் ஊசி போட்டுக்கொண்டு, அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போக ஊருக்கு வந்தேன். வந்தவுடன் தாளை மொழிபெயர்த்து வாசித்துக் காட்டினேன். குசினி வாசலில் இருந்து முழுவதையும் கேட்ட அம்மா கடைசியில், "தண்ணியைப் பற்றி இருக்கு, குளிரைப் பற்றி இருக்கு. அம்மாளைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையோ?" என்றா.

அம்மை நோயாக வருகிற மாரியம்மனைத்தான் எங்கள் ஊரில் அம்மாள் என்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது ஊசிக்காரர் ஊருக்கு வந்தாராம். அம்மாளை வலிய வீட்டுக்கு அழைக்கக்கூடாது என்று பயந்து அம்மா என்னை வைக்கோற்போருக்குப் பின்னால் ஒளித்துவிட்டா. ஆகவே கொழும்பில் போட்டதுதான் என் முதல் ஊசி. அதனால் கை வீங்கி, குத்தின இடம் கொப்பளித்து, காய்ச்சல் எறித்தது. முதல் ஊசிக்கு அப்படித்தான் இருக்கும் என்று டாக்குத்தர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். அம்மா போய் வாசல் வேலிப் படலையில் வேப்பிலைக் கொத்து ஒன்றைக் கட்டினா, தாளிப்பை நிறுத்தினா, எனக்கு வெள்ளைச் சீலை விரித்தா. அம்மை வந்த வீட்டுக்குச் செய்கிற எல்லாம். வேப்பிலை தொங்கினால் ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள். உள்ளே இருப்பவர்களும் நோயாளிக்குத் தலையில் தண்ணீர் வார்க்கும்வரை வெளியே போகக்கூடாது.

"அம்மா, இது மாட்டு அம்மைப்பால். ஊசியாலை வந்தது."

"எதாலை வந்தால் என்ன, வந்தவா வந்தவாதானே."

கப்பல் திகதி சொல்லித் தந்தி வரவேண்டி இருந்தது. வேப்பிலையைக் கண்டால் தபால்காரர் திரும்பிப் போய்விடுவார், என் பயணம் போய்விடும். எனக்குக் கோபம் பொங்கியது. நல்ல வெயில் எறிக்கிற மத்தியானம் எழும்பிப் போய் கொத்தைப் பிய்த்து வளவுக்குள் எறிந்தேன். எங்கள் ஆடு வந்து காம்புவரை தின்றது. தின்று முடியும்வரை நின்று பார்த்தேன். அம்மாவும் பார்த்துக்கொண்டு நின்றா.

கொஞ்ச நேரத்தில் தபால்காரர் சைக்கிளில் வந்தார். படலைக்கு இருபது முழம் தள்ளியே இறங்கிவிட்டார்.

"பிள்ளை, அங்கையே நில்லும். தந்தியை இதிலை கல்லுக்குக் கீழே வைக்கிறன், நான் போனாப்பிறகு எடும்."

"ஏன், உள்ளுக்கு வாங்கோவன்."

"வேப்பிலை கட்டியிருக்கிறியள், எப்பிடி வாறது?"

நான் படலையைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, வெறும் தடி. "எங்கை கட்டியிருக்கு?" என்று கேட்டேன். அவர் வலப்பக்கத்துத் தடியைக் காட்டினார். "உதிலைதான், பச்சையாக் கிடக்குதே. காய்ச்சல் கண்ணை மறைக்குது போலை, போய்ப் படும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அந்தத் தடியை மேலிருந்து கீழ்வரை கையால் தடவினேன். பட்டை சுட்டது, இலை ஒன்றும் கையில் படவில்லை. அவர் கடைசியாக எங்கள் பக்கம் வந்தது இரண்டு கிழமைக்கு முதல், ஆகவே முன்பு கட்டியிருந்ததைக் கண்டிருக்கவும் முடியாது. அம்மாதான் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறா என்று முடிவுகட்டினேன். வேறு எதை நினைக்க?

கப்பல் புதன்கிழமை என்று தந்தியில் இருந்தது. மறுநாள் விடியப் புதுச் சேலை உடுத்து, சப்பாத்துப் போட்டு வெளிக்கிட்டேன். காய்ச்சல் தணிந்திருந்தது. அண்ணன் பெட்டியைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தான், ஆனால் என்னோடு சேர்ந்து நடக்கவில்லை, தூரமாக முன்னே போனான். ஏன் என்று கேட்டதற்கு, "ஒண்டுமில்லை, நீ வா" என்றான். திரும்பியும் பார்க்கவில்லை.

பஸ்ஸில் பாதிச் சனம் இருந்தது. ஏறி இருந்தேன். கொண்டக்டர் டிக்கற் புத்தகத்தோடு வந்தவர் என் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார்.

"தங்கச்சி, இறங்குங்கோ. வேப்பிலையோடை ஏத்தேலாது."

"என்ன வேப்பிலை?"

"தலையிலை செருகியிருக்கிறியள்."

கொண்டையைத் தொட்டுப் பார்த்தேன். ஊசியும் வலையும்தான் இருந்தன. எனக்கு முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் குழந்தையின் முகத்தைச் சீலைத் தலைப்பால் மூடினா. பின்னால் இருந்தவர்கள் எழும்பி மற்றப் பக்கம் போனார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சான்றிதழை எடுத்து நீட்டி ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினேன். எனக்கு அம்மை இல்லை, இது தடுப்பூசி, நான் அரசாங்க ஆசிரியை என்று. அந்தப் பஸ்ஸில் ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை, அது எனக்கும் தெரியும்.

"இங்கிலீசிலை வந்தாலும் அம்மாள் அம்மாள்தான். இறங்குங்கோ" என்றார் கொண்டக்டர். யாரோ சிரித்தார்கள். குழந்தையை மூடிய பெண் மட்டும் மெதுவாக, "படிச்ச பிள்ளை போலை இருக்கு. குஞ்சு குருமன் இருக்கிற இடத்திலை இப்பிடிச் செய்யலாமோ?" என்றா. சிரித்தவர்களை எப்போதோ மறந்துவிட்டேன். அந்தக் குரலை இன்றும் மறக்க முடியவில்லை. அவ என்னை உண்மையாகவே பார்த்துச் சொன்னா. என்னில் எதையோ கண்டு சொன்னா.

வீட்டுக்குத் திரும்பி வந்தேன். சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு. அம்மா பாய் விரித்து வைத்திருந்தா.

"நீங்கள் திருப்பிக் கட்டினீங்களோ?"

"நான் தொடேல்லை. வந்தவாவை வாசலிலை நிக்கவிட்டிட்டு நீ எங்கை போறது?"

"உங்கடை கண்ணுக்குத் தெரியுதோ?"

"அதைக் கேக்கப்படாது" என்றா. அவ்வளவுதான்.

கப்பல் போய்விட்டது. ஊசிப் புண்ணின் பொருக்கு விழும்வரை அந்தப் பாயில் கிடந்தேன், தாளிக்காத கறி தின்றேன். அவமானத்தில் சுவர்ப்பக்கமே திரும்பிக் கிடந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா என்னை முற்றத்தில் இருத்தி, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலையில் வார்த்தா. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபோது படலையின் வலப்பக்கத் தடியில் ஒரு வேப்பிலைக் கொத்து தொங்கியது. காய்ந்து, மண்ணிறமாகி, பல நாள் வெயில் பட்டதைப்போல. அம்மா அதை அவிழ்த்துக் கொண்டுபோய்க் குளத்தில் விட்டா. நம்பினால் நம்புங்கள், அந்தக் கொத்தை ஆடு தின்றதை நான் கண்ணால் பார்த்தவள்.

காய்ச்சல் மயக்கம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஊரார் கண்டது பழக்கத்தில், நான் காணாதது மயக்கத்தில் என்று ஒரு கணக்குப் போட்டு, அடுத்த கப்பலில் போனேன். தாளில் இருந்த எல்லாம் அங்கே சரியாக இருந்தன. துறைமுகத்தில் குளிசையும் கொதித்த தண்ணீரும் காப்பாற்றின. மலையூரில் தலை இடித்தது, படி ஏற நெஞ்சு அடைத்தது, மெதுவாக நடக்க அது குறைந்தது. ஒரு கிழமையில் நன்றாகிவிட்டேன். அந்தக் குளிரில் வேம்பு முளைக்காது. ஊர் முழுக்க யூக்கலிப்டஸ் மரங்கள்தான்.

இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை, தினமும் பால் கொண்டுவருகிற பெண் வாசலில் நின்றுவிட்டா. கதவின் மேற்பக்கத்தைப் பார்த்து, போர்வையால் மூக்கை மூடி, பாற்குடத்தை நிலத்தில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தா. எனக்கு அவவின் மொழி தெரியாது. என்ன என்று கையால் கேட்டேன். அவ இரண்டு விரல்களைத் தொங்கவிட்டு, இலை இலையாக அசைத்துக் காட்டினா. ரஞ்சி டீச்சர் வந்து எட்டிப் பார்த்தா, கதவில் ஒன்றும் இல்லை என்றா. எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. அன்றுதான் ரஞ்சி டீச்சருக்கு முழுவதையும் சொன்னேன், அவ அந்தக் கேள்வியைக் கேட்டா. பால்காரிக்கு வேப்பிலை என்றால் என்ன என்று யார் சொல்லியிருப்பார்கள்? இதற்கு மட்டும் என்னிடம் கணக்கு இல்லை.

இப்போது விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கிறேன். மூன்று வருடம் முடிந்து பழைய சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. நேற்று வவுனியாவில் மறுபடி ஊசி போட்டேன். இரண்டாம் முறை காய்ச்சல் வராது, உடனே பயணம் போகலாம் என்றார் டாக்குத்தர். நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதும் அதுதான். வீட்டுக்கு வந்தபோது அம்மா கடுகும் வெங்காயமும் எடுத்து வைத்திருந்தா.

"அம்மா, தாளிக்காதேங்கோ" என்றேன். அவ என்னைப் பார்க்காமலே தாச்சியை அடுப்பிலிருந்து இறக்கிவைத்தா.

வருகிறபோதே தபாற் கந்தோரில் இறங்கி, கப்பலை அடுத்த மாதத்துக்கு மாற்றச் சொல்லித் தந்தி அடித்துவிட்டேன். காரணம் காய்ச்சல் என்று எழுதினேன். காய்ச்சல் இன்னும் வரவில்லை.