ஸ்டார்ட்டரின் மேல் போல்ட்

எங்கட வான் வண்டியைச் செய்த எஞ்சினியர் தன்ர சீவியத்தில ஒரு போல்ட்டைக் கழட்டியிருக்க மாட்டான். இதை நான் கோயில் வாசலில நிண்டும் சொல்லுவன். ஸ்டார்ட்டருக்கு இரண்டு போல்ட். கீழ் போல்ட் கண்ணுக்கு முன்னால நிக்குது, ஆரும் கழட்டலாம். மேல் போல்ட்டை அந்த அறுவான் கியர்பெட்டிக்கும் தளத் தகரத்துக்கும் நடுவில கொண்டுபோய் ஒளிச்சு வைச்சிருக்கிறான். கீழ படுத்துப் பாத்தாலும் தெரியாது, மேல குனிஞ்சு பாத்தாலும் தெரியாது. மூண்டு விரல் அகலத்தில ஒரு இடுக்கு, அவ்வளவுதான். கை போகாட்டி கியர்பெட்டியை இறக்க வேணும். ஒரு போல்ட்டுக்கு ஒரு முழுப் பகல்.

அந்த இடுக்காலதான் இன்னொருத்தியின்ர கை எங்கட கராஜுக்குள்ள வந்தது.

கராஜ் எண்டால் பெரிசா ஒண்டுமில்லை. சுருவில் எண்ட எங்கட ஊரில, ரோட்டுக்கரையில, வீட்டோட ஒட்டின ஒரு தகரக் கொட்டில். பிள்ளையள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கின பிறகு நானும் இவரோட அதுக்குள்ள இறங்கிட்டன். அந்த நாளில வந்தது எல்லாம் பழைய உழவு மெசினும் தண்ணி மோட்டரும்தான். அதுகள் வெக்கமில்லாமல் எல்லாத்தையும் வெளியில காட்டிக்கொண்டு நிக்கும். எங்க பிழை எண்டு தூரத்தில நிண்டே சொல்லலாம். இவர் வேலை செய்துகொண்டு கையைப் பின்னால நீட்டுவார். திரும்பிப் பாக்கிறதுமில்லை, எத்தினையாம் நம்பர் எண்டு சொல்லுறதுமில்லை. நான் வைக்கிற ஸ்பானர் சரியாத்தான் இருக்கும். எந்தச் சாமான் எந்தத் தட்டில எண்டு அடுக்கினது நான். அவருக்கு அது தெரியவேண்டிய தேவையே வரேல்லை.

மனிசன் வேலையில சுத்தம். எதை வெட்டுறதெண்டாலும் முதல் அளந்து ஆணியால கீறுவார். சதுரம் கீறினாரெண்டால் நாலு மூலையிலயும் கோடுகள் ஒண்டையொண்டு தாண்டிப் போய்க் குட்டிக் குருசுகள் மாதிரி நிக்கும். எங்கட குசினி யன்னலுக்குக் கீறின குருசுகள் இண்டைக்கும் சீமெந்தில கிடக்கு. நான் அதில கரிபடவிடாமல் துடைச்சு வைக்கிறனான். விசர்தான், வேறென்ன.

பிறகுதான் இந்த வானை வாங்கினம். வள்ளத்தில நயினாதீவுக் கோயிலுக்குப் போற சனத்தைக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஏத்தி இறக்க எண்டு, பழசாப் பாத்து வாங்கினது. கடல் ரோட்டில ஓடி, இறங்குதுறையில உப்புக்காத்துக்குள்ள நாள் முழுக்க நிக்கிற வானுக்கு ஸ்டார்ட்டர் எத்தினை நாளைக்குக் கிடக்கும்? வாங்கி இரண்டாம் மாசமே சத்தமில்லாமல் செத்துப்போச்சு. இவர் கீழ படுத்தார். கை போகேல்லை. நான் படுத்தன். எனக்கும் போகேல்லை. இரண்டு பேரும் மாறிமாறி அந்த எஞ்சினியரின்ர தாய்தகப்பனை விசாரிச்சுக்கொண்டிருக்கேக்கைதான் எங்கட பகுதி மருத்துவிச்சி காத்துப்போன ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு வந்தவ.

மருத்துவிச்சியை இஞ்ச எல்லாரும் மிஸி எண்டுதான் கூப்பிடுறது. வவுனியாப் பக்கத்தால மாறி வந்தவ, நாப்பது வயசு வரும், கலியாணம் கட்டேல்லை. ஒல்லி. குந்தியிருந்து கீழ எட்டிப் பாத்தா.

"என்னண்ணை தேடுறியள்?"

"ஒரு போல்ட், மிஸி. இருக்கிற இடம் தெரியும், கை போகாது."

அவ கையில கட்டியிருந்த மணிக்கூட்டைக் கழட்டி என்ர கையில தந்தா. "அக்கா, இதைக் கொஞ்சம் வைச்சிருங்கோ." பிறகு ஒரு சாக்கை விரிச்சுப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளுக்கு விட்டா. ஐயோ, என்ன கை அது! விரல், உள்ளங்கை, மணிக்கட்டு எல்லாம் ஒரே அளவு. முழங்கை வரைக்கும் போச்சுது.

"பிடிச்சிட்டன் அண்ணை. தலை கொஞ்சம் இடப்பக்கம் சரிஞ்சு கிடக்கு."

இவர் கட்டை ஸ்பானரைக் குடுத்தார். நான் எடுத்து நீட்ட முதல் தானே குனிஞ்சு எடுத்துக் குடுத்தார். கால் சுத்து, கால் சுத்தாகத் திருப்பி, இருவது நிமிசத்தில போல்ட்டை வெளியில எடுத்தா.

"ஆம்பிளைப் பிள்ளையோ, பொம்பிளைப் பிள்ளையோ மிஸி?" எண்டு கேட்டார் இவர்.

"நிறை காணாது அண்ணை, சத்துமா குடுங்கோ."

இரண்டு பேரும் சிரிச்சினம். நான் மணிக்கூட்டை வைச்சுக்கொண்டு நிண்டன். இருவது வருசத்தில என்னோட இந்த மனிசன் ஒரு பகிடி விட்டதில்லை. பொய் சொல்லக் கூடாது, ஒண்டோ இரண்டோ விட்டிருப்பார், ஆனா இப்பிடிக் கண் சுருங்கச் சிரிச்சதில்லை.

கழட்டினதைப் பூட்டவும் அதே கைதான் வேணும். ஆக, ஸ்டார்ட்டர் ஒருக்காப் பழுதானால் மிஸி இரண்டு தரம் வரவேணும். மூண்டு நாலு மாசத்துக்கு ஒருக்கா அது பழுதாகும். பிறகு அதே மாதிரி வான் வைச்சிருக்கிற மற்ற ஆக்களும் கேள்விப்பட்டு எங்கட கொட்டிலுக்கு வரத் தொடங்கிட்டினம். இவர் போன் எடுப்பார். அவ கிளினிக் முடிச்சு வருவா. கொட்டிலுக்குள்ள ஒரு கதிரை வந்தது. நான் அத்தினை வருசம் எண்ணெய்ப் பேணிக்கு மேல இருந்தனான், எனக்கு ஒருத்தரும் கதிரை போடேல்லை. "இஞ்சரும், மிஸிக்கு ஒரு தேத்தண்ணி" எண்டுவார். நான் வேணுமெண்டு தகரப் பேணியில கொண்டுபோவன். "பூப்போட்ட கப் ஒண்டு இருந்ததெல்லே?" எண்டு கேப்பார். பூப்போட்ட கப் இருக்கிறது இவருக்கு எப்பிடித் தெரிஞ்சது? வீட்டில உப்பு எங்க எண்டு தெரியாத மனிசன்!

மிஸியில ஒரு பிழை சொல்ல ஏலாது. அண்ணை, அக்கா எண்டுதான் வாய் நிறையக் கூப்பிடுவா. என்ர பிரஷருக்குக் குளிசை விழுங்கினனானோ எண்டு மறக்காமல் கேப்பா. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கூடாத ஆளெண்டால் நாலு பேச்சுப் பேசி விட்டிருப்பன். ஒருக்கா நயினாதீவுத் திருவிழாவுக்கு "மிஸியும் வரட்டுமே" எண்டு இவர் கூட்டிக்கொண்டு வந்தவர். காப்புக் கடையில கடைக்காரன் என்ர கையைப் பிடிச்சுப் பாத்திட்டு, "அக்கா பொறுங்கோ, உங்கட அளவு உள்ளுக்குப் பெட்டியில கிடக்கு" எண்டான். மிஸிக்குச் சின்னப் பிள்ளையளின்ர கொத்தில இருந்து எடுத்துப் போட்டு விட்டான். நான் காப்பு வாங்காமல் வந்திட்டன். வள்ளத்தில ஏன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறீர் எண்டு இவர் கேட்டார். காத்து ஒத்துக்கொள்ளேல்லை எண்டு சொன்னன்.

அந்தக் கிழமையே, இவர் வேலணைக்குச் சாமான் வாங்கப் போன நேரமாப் பாத்து, நான் என்ர கையைப் பரீட்சித்துப் பாத்தன். காப்பு, மோதிரம் எல்லாம் கழட்டி, தேங்காயெண்ணெய் பூசி, கீழ படுத்து உள்ளுக்கு விட்டன். மணிக்கட்டு வரைக்கும் போச்சுது. எனக்கெண்டால் பெரிய புளுகம், அவ்வளவு சந்தோசம். நடுவிரல் நுனி போல்ட்டில தொட்டுது எண்டு நினைக்கிறன். பிறகு இழுத்தா, கை வரேல்லை! இந்தப் பக்கம் திருப்பினன், அந்தப் பக்கம் திருப்பினன், ம்ஹூம். அந்த நேரம் பாத்து மீன்காரன் படலையில நிண்டு மணி அடிக்கிறான்.

"அக்கா, நல்ல ஒட்டி மீன் இருக்கு, வேணுமோ?"

"இண்டைக்கு விரதம்!" எண்டு வானுக்குக் கீழ கிடந்து கத்தினன்.

அண்டைக்குச் செவ்வாயுமில்லை, வெள்ளியுமில்லை. அவன் கொஞ்ச நேரம் நிண்டு யோசிச்சிட்டுத்தான் போனான். அரை மணித்தியாலம் கழிச்சு, தோல் உரிஞ்சு, கை வெளியில வந்தது. இவர் பின்னேரம் பாத்து "கையில என்ன?" எண்டு கேட்டார். தேங்காய் துருவேக்கை வெட்டினது எண்டன். அண்டைக்கு இராச்சாப்பாட்டுக்குத் தேங்காய் சேர்ந்த கறி ஒண்டுமில்லை, இவர் அதைக் கவனிக்கவுமில்லை.

இந்த வருசம், கொழும்பால வாற ஒரு குடும்பத்தை இறங்குதுறைக்கு ஏத்த ஒத்துக்கொண்ட நாள். விடிய வெள்ளணச் சாவியைத் திருப்பினார், வான் வாயே திறக்கேல்லை. புது ஸ்டார்ட்டர் ஒண்டு தட்டில தயாரா இருந்தது. பிரச்சினை அதே மேல் போல்ட்.

"மிஸி இண்டைக்கு நாரந்தனைக் கிளினிக்கில. போன் எடுக்கிறாவில்லை. நான் போய் ஏத்திக்கொண்டு வாறன்" எண்டு மோட்டச்சைக்கிளை எடுத்தார். போக முதல் கண்ணாடியில முகத்தைப் பாத்துத் தலைமயிரைத் தடவினார். சாதாரணமாத்தான் தடவினார், எல்லாரும் செய்யிறதுதான். எனக்கு அது போதுமா இருந்தது.

மோட்டச்சைக்கிள் சத்தம் மறைஞ்ச உடன நான் முடிவெடுத்திட்டன். அந்தப் போல்ட்டுக்கு நேர மேல தளத் தகரம்தானே இருக்கு? தகரத்தில ஒரு ஓட்டை வெட்டினால், ஆரின்ர கையும் தேவையில்லை, மேல இருந்தே ஸ்பானர் போடலாம். ஓட்டைக்கு ஒரு மூடி வைச்சு நாலு ஆணி திருகிவிட்டால் முடிஞ்சுது. எனக்குத் தகரம் வெட்டத் தெரியும், கொட்டில் கூரைக்கு அரைவாசி வெட்டினது நான்தான். இவ்வளவு நாளும் இது என்ர மண்டைக்குள்ள ஏன் வரேல்லை எண்டு என்னையே ஏசிக்கொண்டு, பற்றரி வயரைக் கழட்டி, ஈரச்சாக்கும் ஒரு வாளி தண்ணியும் பக்கத்தில வைச்சு, கிரைண்டரைக் கொண்டு வந்தன். சீற்றைத் தூக்கிப்போட்டு றப்பர் விரிப்பை உரிச்சன்.

அந்த விரிப்பு நான் ஒட்டினது. மிஸி முதன்முதல் போல்ட் கழட்டின அடுத்த கிழமை ஒட்டினது. ஒரு மூலையை இவர்தான் இழுத்துப் பிடிச்சவர், நான் பசை பூசினன்.

விரிப்புக்குக் கீழ தகரத்தில ஒரு சதுரம் கீறிக் கிடந்தது.

ஆணிக் கீறல். நாலு மூலையிலயும் நாலு குட்டிக் குருசு. போல்ட்டுக்கு நேர் மேல, டீசல் பைப்புக்கு இரண்டு விரல் தள்ளி, அச்சொட்டா. கோட்டுக்குள்ள கறள் பிடிச்சு மேல பசை காய்ஞ்சு கிடந்தது.

நான் கிரைண்டரை மடியில வைச்சுக்கொண்டு அதைப் பாத்துக்கொண்டே இருந்தன். அப்ப இந்த மனிசனுக்கு முதல் கிழமையே வழி தெரியும். கீழ படுத்து அளந்து, பைப் எங்க ஓடுது எண்டு பாத்து, மேல வந்து கீறியிருக்கிறார். பிறகு வெட்டாமல் விட்டிருக்கிறார். நான் அதுக்கு மேல பசை பூசேக்கை மூலையைப் பிடிச்சுக்கொண்டு வாய் திறக்காமல் நிண்டிருக்கிறார். தகரத்தை ஓட்டையாக்க மனம் வரேல்லை எண்டு சொல்லலாம். வான் விக்கேக்கை விலை குறையும் எண்டு சொல்லலாம். என்னத்தையும் சொல்லலாம். எனக்கு அழுகை வரேல்லை. கோட்டில காய்ஞ்ச பசையைச் சுரண்டித் துடைச்சிட்டுக் கிரைண்டரைப் போட்டன். அவரின்ர கோட்டிலயே வெட்டினன். ஒரு நூல் பிசகேல்லை.

அவையள் வந்து இறங்கேக்கை நான் ஓட்டையின்ர ஓரத்தை அரத்தால தேய்ச்சுக்கொண்டு இருந்தன். போல்ட் வெளிச்சத்தில பளிச்செண்டு தெரிஞ்சுது. இவ்வளவு காலமும் அது தன்ர இடத்தில இருக்கேக்கை அதின்ர முகத்தை நாங்கள் ஒருத்தரும் பாத்ததில்லை.

மிஸி எட்டிப் பாத்திட்டுக் கையைத் தட்டிச் சிரிச்சா. "ஐயோ அக்கா, என்ர உத்தியோகத்தைப் பறிச்சுப்போட்டியளே!" அவவுக்கு ஒண்டும் தெரியாது. பாவம், ஒரு சூதும் தெரியாது. அப்பவும் நான் அவவின்ர கையைத்தான் பாத்தன்.

இவர் குனிஞ்சு வெட்டின ஓரத்தை விரலால தடவினார்.

"அளவு ஆர் பாத்தது?"

"நீங்கள்தான்."

அவர் நிமிரேல்லை. மூலையில மிச்சமாக் கிடந்த ஒரு குருசை விரல் தொட்டுக்கொண்டு இருந்தது. காது மடல் சிவந்தது எனக்குத் தெரிஞ்சுது. மிஸி எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பாத்திட்டு, "நான் முகம் கழுவிக்கொண்டு வாறன் அக்கா" எண்டு கிணத்தடிக்குப் போயிட்டா.

"இஞ்சரும்..." எண்டு தொடங்கினார்.

"தள்ளுங்கோ."

தள்ளினார். நான் ஓட்டைக்கு மேல குனிஞ்சு, என்ர இந்தத் தடிச்ச கையை உள்ளுக்கு விட்டு, போல்ட்டின்ர தலையைப் பிடிச்சன். மற்றக் கையைத் திரும்பிப் பாக்காமல் பின்னால நீட்டினன்.

அவர் தட்டுகளைத் திறந்து மூடுற சத்தம் கேட்டுது. முதலாவது, மூண்டாவது, திரும்பவும் முதலாவது.

"பதினாலாம் நம்பர் ஸ்பானர் எதிலயப்பா இருக்கு?"

நான் நீட்டின கையை எடுக்கேல்லை.