தவளையும் எருமையும் குடித்த தண்ணீர்

எருமப்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் சின்ன வெங்காயம் பிடுங்க வரும் பெண்கள், தண்ணீர் வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், பாடுவார்கள். ஓர் அக்கா அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சிரித்துக்கொண்டே பின்பாட்டுப் பாடுவார்கள். இப்போதுதான் அக்கா என்கிறேன். அன்று வா, போ என்றுதான் பேசினேன்.

“கெணத்துத் தவள குடிச்சிருச்சு, வேலி ஓணான் குடிச்சிருச்சு,
செத்த நின்னு நானுங் குடிச்சா கெணத்துத் தண்ணி கொறயுமா?”

அடுத்த தடவை தவளை போய் எருமை வரும், அப்புறம் காக்கை. பள்ளிக்கூடப் பாட்டெல்லாம் இதற்கு உறைபோடக் காணாது.

எனக்கு எட்டு வயது. பாட்டு கேட்டதும் வேப்பமரத்தடிக் குடத்திலிருந்து சொம்பில் மொண்டுபோய் அவர்கள் கையில் ஊற்றுவது லீவு நாட்களில் என் வேலை. “நீதான் மொண்டு ஊத்தோணும் கண்ணு. அவீங்களெக் கொடத்தெத் தொட உட்றாதே” என்று அம்மா சொல்லியிருந்தாள். பெரிய பதவி கிடைத்துவிட்டதாக எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று அம்மா சோறு கொண்டுவர வீட்டுக்குப் போயிருந்தாள். சித்திரை வெயில். பாட்டு எழுந்தது. தவளை குடித்தது, எருமை குடித்தது, நான் எழுந்திருக்கவில்லை. சொம்போடு போனால் பாட்டு நின்றுவிடும். அடுத்து என்ன வருமென்று தெரியாமல் எப்படிப் போவது? பன்றி வந்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். பின்பாட்டு ஓய்ந்துபோனதைக்கூட நான் கவனிக்கவில்லை. தனியாகப் பாடிக்கொண்டிருந்த அக்கா, பாதி அடியில் வரப்பின்மேல் சரிந்து விழுந்தார்.

இன்னொரு அக்கா மரத்தடிக்கு ஓடிவந்தார். வந்தவர் குடத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டார். “அம்மிணி, வெரசா மொண்டு ஊத்துங்க அம்மிணி!” என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

மொண்டுகொண்டு ஓடினேன். விழுந்தவரின் தலையை மடியில் வைத்து, முகத்தைத் துடைத்து, வாயில் ஊற்றினேன். கண்ணைத் திறந்தவர் முதலில் என்னைத்தான் தேற்றினார்.

“பயந்துட்டீங்களா அம்மிணி? எனக்கு ஒண்ணுமில்லீங்க.”

நான் அழுதேன். பிறகு ஓடிவந்தவரிடம் கோபமாகக் கேட்டேன். “கொடம் பக்கத்துலதான இருந்துச்சு? நீயே மொண்டாந்து ஊத்த வேண்டியதுதான?”

அவர்கள் ஒவ்வொருவராகப் பாத்திக்குத் திரும்பினார்கள். பாட்டுக்கு ஆசைப்பட்டு ஓர் உயிரோடு விளையாடினேன் என்பது இன்றும் என்னை அறுக்கிறது.

அம்மா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன், தலையை மடியில் வைத்துக்கொண்டது உட்பட. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. கிணற்றடிக்குக் கூட்டிப்போய் என் கைகளை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள், பாவாடையை மாற்றிவிட்டாள். வெங்காய வாடை போவதற்காக்கும் என்று நினைத்துக்கொண்டு, நான் கைகளை நன்றாக நீட்டிக் காட்டினேன்.